பதிவு பெற்ற ஊன்றுகோல்

ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தாலும் முட்டை ஒருவருக்குத்தான் வேகலாம் என்று விதி எழுதினீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போன் போட்டால் பாட்டுக் கேட்கிறது, ஆள் வருவதில்லை. ஆனால் நீங்கள் கல்யாணம் ஆகாதவர் என்று அடித்துச் சொல்வேன். ஆகியிருந்தால், தனித்தனியாகச் சாப்பிடுகிறவர்.

என் மனைவி ஐலிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. மாகாண அரசின் கருணையால் காலைதோறும் லூர்டெஸ் என்ற பராமரிப்பாளர் வீட்டுக்கு வருகிறாள். நல்ல பெண். ஐலியைக் குளிப்பாட்டுவாள், உடுத்திவிடுவாள், முதுகில் எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்பாள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை என்று ஐலி சுட்டிக்காட்டினாள்.

சிக்கல் காலைச் சாப்பாட்டில். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் ஐலிக்கு உள்ளே இறங்கும். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். எதிர்த் தட்டு காலியாக இருந்தால் தன் தட்டைத் தள்ளிவிடுவாள். லூர்டெஸுக்கோ ஐலிக்கு மட்டும் சமைக்கத்தான் உத்தரவு. ஐலி சேவைப் பயனாளி. நான், மேற்படி பயனாளியின் இல்லத்தில் தற்செயலாகக் காணப்படும் நபர்.

சரி, நானே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொள்கிறேன் என்று கத்தியை எடுத்தேன். லூர்டெஸ் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கத்திய வச்சிடுங்க சார். நான் பாத்துட்டா மேல சொல்லியாகணும். வீட்ல என்ன மாறினாலும் சொல்றது என் வேலை.”

“ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறதெல்லாம் ஒரு மாற்றமா?”

“உங்களால சமைக்க முடியும்னு ஆயிடும் சார். சமைக்கிற ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் எதுக்குன்னு நிறுத்திடுவாங்க. அப்புறம் அம்மாவ யாரு குளிப்பாட்டுறது, நீங்களா?”

போன தடவை நான் குளிப்பாட்டியபோது எங்கள் இருவரையும் தொட்டியிலிருந்து தீயணைப்புப் படைதான் வந்து தூக்கியது. கத்தியை வைத்துவிட்டேன். அவள் வருவதற்கு முன்பே தடவி ஒளித்து வைக்கலாமே என்பீர்கள். அதையும் செய்தேன். மேசையில் கிடந்த ரொட்டித் துகளைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அழுதாள்.

ஐலி இளைத்துக்கொண்டே போனாள். எடை பார்க்க வந்த நர்ஸ், இன்னும் இளைத்தால் பக்கத்து நகரத்து முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டியிருக்கும், அங்கே கணவர்களுக்கு இடம் கிடையாது என்று மிகவும் அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பழைய இரும்பு வியாபாரி. பள்ளிக்கூடம் என்னிடமிருந்து சீக்கிரமே தப்பித்துக்கொண்டது. துருப்பிடித்த டிராக்டரின் சொந்தக்காரன் கண்ணில் தண்ணீர் வரும்வரை விலையைக் குறைத்தவன். சேவை ஒருங்கிணைப்பாளர் ஜினெட் அம்மையாரிடம் பேரத்துக்கு உட்கார்ந்தேன். இரண்டு முட்டை கேட்டேன், முடியாது. ஒன்றையே வாத்து முட்டையாக வைத்துப் பாதிப் பாதி என்றேன். பங்கிடுவதும் இருவருக்குச் சமைப்பதே என்றார். கடைசியில் லூர்டெஸின் கடமைகள் என்னென்ன என்று கேட்டேன். வரிசையாகச் சொல்லி வந்தவர், பயனாளியின் உதவிக் கருவிகளைத் துடைத்துப் பயன்படும் நிலையில் வைத்திருப்பதும் அதில் ஒன்று என்றார்.

“ஐலி எதைப் பிடிச்சிக்கிட்டு நடக்குறா?” என்றேன்.

“உங்க தோளைத்தான்.”

“அப்ப நான் யாரு?”

ஜினெட் நேர்மையான அதிகாரி. கருவிப் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். “ஊன்றுகோல்.”

“இந்த ஊன்றுகோல் சாயாம நிக்கணும்னா அதுக்கு என்ன வேணும்?”

“முட்டை” என்றார், சலித்துப்போய்.

உரிய பரிசீலனைக்குப் பின் நான் உதவிக் கருவியாகப் பதிவு செய்யப்பட்டேன். பிடரியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மறுநாள் அடுப்பில் இரண்டு முட்டை வெந்தன. ஒன்று உணவு, மற்றது பராமரிப்பு. ஐலி தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கருவிக்கு உள்ள விதிகளும் கூடவே வந்தன. தினமும் காலையில் லூர்டெஸ் கிருமிநாசினித் துணியால் என்னைத் துடைத்தாள். என் செருப்பின் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். தொடுவதற்கு முன் என்னிடமும் அனுமதி கேட்டாள், அதற்குத் திட்டு வாங்கினாள். அனுமதி மனிதர்களுக்குத்தானாம். பயனாளி தடுக்கி விழாதிருக்க இரவில் கருவியைச் சுவரோரம் வைக்க வேண்டும் என்றார்கள். வீட்டு நடையில் சுவரோரமாகப் படுத்தேன்.

லாபமும் இருந்தது, மறைக்கக் கூடாது. மனிதனாக இருந்தபோது முழங்கால் டாக்டரைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருந்தேன். கருவியான பிறகு, கீழ்ப்பகுதி கிறீச்சிடுகிறது என்று சொன்னதும் மறுநாளே ஆள் வந்தான். எண்ணெய்க் குப்பியோடு.

ஐலிக்குச் சதை பிடித்தது, நடையும் தேறியது. ஜினெட் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தார். பயனாளி தேறிவிட்டபடியால் இரவலாகத் தந்த கருவியைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும் என்றார். என்னை ஐலிக்குத் தந்தது இவர்களா என்று கத்தினேன். கருவிக்குப் பேச்சுரிமை இல்லை என்று தெரிவிக்கப்பட்டது.

வேன் வந்தது. இறங்கியவன் என்னைச் சுற்றி வந்து, தோளைத் தட்டிப் பார்த்து, எந்த வருஷத்து உருப்படி என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினான். ஊரார் டிராக்டரை நான் பார்த்த அதே பார்வை. “தேஞ்சு போச்சு. யாருக்கும் குடுக்க லாயக்கில்ல. கழிச்சிடலாம்” என்றான். தொழில் ரத்தம் கொதித்துவிட்டது. உள்ளே எல்லாம் அசல் பாகம், இன்னும் பத்துக் குளிர்காலம் தாங்கும், ஏற்றிப் பார் என்று மல்லுக்கு நின்றேன். பேரம் படிந்து ஒரு காலை வேனுக்குள் வைத்தும்விட்டேன். ஐலி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்று கிடங்கில் இருப்பேன். “முட்டாளே, அவன் வேண்டாங்கும்போது உனக்கென்னடா அவசரம்” என்றாள்.

கழிக்கப்பட்டேன். இப்போது உங்கள் கணக்கில் ஐலிக்குக் கணவன் இல்லை, அவன் ஊன்றுகோல் ஆனவன். ஊன்றுகோலும் இல்லை, அது கழிவு. ஆகவே ஐலி தனியாக வாழும் முதியவள். தனியாக வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட மாகாணம் தொண்டர் அனுப்புகிறது. ரெஜினால்ட் என்று ஒருவர், ஓய்வு பெற்ற தபால்காரர், தினமும் வருகிறார். விருந்தாளிக்கு லூர்டெஸ் தாராளமாகச் சமைக்கலாமாம், விதியிலேயே இருக்கிறது.

அந்தத் தொண்டு வேலைக்கு நானும் மனுப் போட்டேன். ஜினெட் மென்மையாகத்தான் மறுத்தார். “பயனாளியோட முன்பழக்கம் இருக்கிறவங்கள எடுக்கிறதில்ல, மிஸ்டர் ஆர்வோ.”

ஐலியிடம் முறையிட்டேன். “அவரு எதுக்கும் பேரம் பேசுறதில்ல ஆர்வோ. சாப்பாடு நிம்மதியா இறங்குது” என்றாள்.

ஆகவே, விதி எழுதியவரே, பாட்டை நிறுத்திவிட்டு நேரில் வாருங்கள். என் பெயருக்கு எதிரே மனிதன் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அந்தத் தபால்காரரை என் நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுங்கள். இன்றைக்கே வந்தால் நல்லது. தனியாக வாழ்கிறவள் வீட்டில் இன்னொரு ஆள் தெரியக் கூடாதாம், அதனால் நான் ஜன்னலுக்கு வெளியே பனியில் நிற்கிறேன், உள்ளே ஐலி அவருக்கு இரண்டாவது தடவையாகக் காபி ஊற்றுகிறாள்.