தட்டுக்காரர் வீட்டுக் காலி ஆணி

தட்டு சேகரிப்பவர் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கி, வீட்டில் ஒரு தட்டுகூட இல்லாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். திருக்கனூர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் எங்கள் தட்டுக்காரர்.

பழைய தஞ்சாவூர்த் தட்டு என்றால் அவருக்கு உயிர். செம்பின் மேல் வெள்ளியில் சாமியும் பூவும் புடைத்து நிற்குமே, அதுதான். அடுப்படிச் சட்டிபோல் கறுத்துக் கிடந்தாலும் நகத்தால் சுண்டிப் பார்த்து, "இது எங்க தாத்தாவுக்கும் மூத்தது" என்பார். யூரியா வாங்க வருகிறவரிடம் பயிரைப் பற்றி விசாரிக்க மாட்டார். "வூட்ல பழைய தட்டு இன்னா இருக்குது?"

சிக்கல் அவர் வாய்தான். விலை பேசப் போன இடத்தில் அரைமணி நேரம் தட்டின் அருமையை விளக்குவார். கேட்ட வீட்டுக்காரர்கள் தட்டைப் பிடுங்கித் தங்கள் கூடத்தில் மாட்டிக்கொள்வார்கள். பாகூரில் கோழிக்குத் தீனி வைத்த தட்டு இப்போது பூஜை அறையில் இருக்கிறது. அந்தக் கோழிக்கு இவர்மேல் இன்னும் கோபம்.

கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு வீட்டுத் தவிட்டு டிரம்முக்கு மூடியாக ஜோடி மயில் தட்டு இருப்பதாகத் தகவல் வந்தது. ஜோடி மயில் அவருடைய பல வருட ஏக்கம். அதற்கென்றே கூடத்தில் அடித்த ஆணி காலியாகக் காத்திருந்தது. கிளம்பும்போது அவர் மனைவி நாலு வெற்றிலையை மடித்து அவர் வாயில் திணித்துவிட்டு, வண்டி ஓட்ட வந்த என்னிடம் சொன்னார். "தம்பி, தட்டோட வூடு வந்து சேர்ற வரைக்கும் இவரு துப்பக் கூடாது, பாத்துக்குங்க."

அங்கே பேச்சு முழுக்க நான்தான். வீட்டுக்கார அம்மா, "அந்த மூடியா? எடுத்துகினு போங்கப்பா. ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கிக் குடுத்துடுங்க, போதும்" என்றார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு இவர் வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் வண்டியை உதைத்தேன். பின்னாலிருந்து "த்தூ!" என்று சத்தம்.

"அண்ணே, வேணாம்ணே!"

இறங்கிவிட்டார்.

"யம்மா, இது இன்னான்னு தெரியுமா உனக்கு? இந்த மயிலு கழுத்தப் பாரு. தட்டித் தட்டியே ஒருத்தன் உசுரு குடுத்திருக்கான். இதப் போயி பிளாஸ்டிக் மூடிக்குக் குடுக்கறியே!"

அந்த அம்மா பார்த்தார். மயிலின் கழுத்தைத் தடவினார். முந்தானையால் துடைத்தார். அவ்வளவுதான், தட்டு கூடத்துச் சுவரில் ஏறிவிட்டது. ஆணி அடித்தவர் நம் ஆள். கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை பிடுங்கி வேறு அடித்தார்.

"வூட்ல இன்னாண்ணே சொல்வீங்க?" என்றேன், திரும்பும்போது.

"கெழக்கப் பாத்த சுவுரு தம்பி. காலை வெய்யிலு நேரா மயிலு மேல வுழும். எங்க வூட்ல வுழாது."

மறுவாரம் அந்த டிரம்முக்கு ஒரு பிளாஸ்டிக் மூடியும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

இப்போதும் என்னைக் கண்டால் முதல் கேள்வி, "மயில பாத்தியா? நல்லா இருக்குதா?" என்பதுதான். பார்க்கவில்லை என்று சொல்ல மனம் வராது. அதனாலேயே, வேலை இல்லாவிட்டாலும் கரிக்கலாம்பாக்கம் சுற்றிக்கொண்டு போகிறேன்.