மெய்யர் சொன்ன பினாங்குக் கதை

யாழ்ப்பாணத்தில் இருந்த பொய்க்காரர்களுக்குள் மெய்யரைப் போல மனம் சுத்தமானவர் ஒருவரும் இல்லை. தெரிந்துகொண்டு அவர் பொய் சொன்னதே கிடையாது, ஒரேயொரு தடவையைத் தவிர.

அவருடைய சொந்தப் பெயர் கந்தோரில் எவருக்கும் தேவைப்படவில்லை. எதைச் சொன்னாலும் "மெய்யாத்தான்" என்று முடிப்பார், அதனால் மெய்யர். பெரியகடைப் பக்கத்தில் ஒரு பிறக்கிராசியாரின், அதாவது வக்கீலின், கந்தோரில் நாங்கள் இருவரும் பக்கத்து மேசைகளில் இருந்து காணி உறுதிகளைப் பிரதி பண்ணினோம். உறுதியில் அவர் ஒரு புள்ளி பிசகமாட்டார். வடக்கு எல்லை பூவரச வேலி என்றால் பூவரச வேலிதான். ஆனால் பேனையை வைத்துவிட்டு வாயைத் திறந்தால், எந்தக் கதை யாருடைய வளவிலிருந்து வந்தது என்பது அவருக்கே தெரியாது.

சிங்கப்பூர் யப்பான்காரரிடம் விழுந்த வருடம், குண்டு போடுகிறவன் சிவப்பு ஓட்டுக் கூரையைக் கண்டால்தான் போடுவான், கிடுகுக் கூரையை வைக்கோற்போர் என்று விட்டுவிடுவான் என்று கந்தோருக்கு வந்த எல்லாருக்கும் சொன்னார். ஒரு வாத்தியார் அதை நம்பி, வீட்டு ஓடு முழுவதையும் இறக்கிக் கிடுகு வேய்ந்தார். குண்டு வரவில்லை. ஐப்பசி மழை வந்தது. நனைந்த வேட்டியோடு வாத்தியார் சண்டைக்கு வந்தபோது மெய்யர் திகைத்துப்போனார்.

"வாத்தியார், உந்தக் கதையை எனக்குச் சொன்னதே நீங்கள்தானே," என்றார்.

அவர் முகத்திலிருந்த நேர்மையைப் பார்த்த வாத்தியார், நான்தான் சொன்னேனோ என்ற யோசனையோடு திரும்பிப் போனார். எங்களுக்குச் சிரிப்பு அடங்க இரண்டு நாள் பிடித்தது.

எங்களுக்கு மத்தியானச் சோறு சமைத்துக் கொண்டுவருபவள் பூரணம். புருஷன் மலாயாவில் ரெயில்வேக் கிளாக்கர். யப்பான்காரர் அங்கே புகுந்த பிறகு அவரிடமிருந்து கடிதமே இல்லை. ஒருநாள் சோற்றுப் பெட்டியை இறக்கி வைத்தவள், எழும்ப முடியாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய அயலில் யாரோ அவரைச் செத்தவர் கணக்கில் கதைத்திருக்கிறார்கள்.

மெய்யர் பேனையை வைத்தார். "தங்கச்சி, உன்ரை மனிசனைக் கண்ட ஒரு கப்பல்காரனோடை முந்தநாள் காங்கேசன்துறையிலை கதைச்சனான். பினாங்கிலை இருக்கிறாராம். கொஞ்சம் மெலிஞ்சுபோனாராம், வேறை ஒண்டுமில்லை. மெய்யாத்தான்."

முந்தநாள் முழுவதும் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்து ஒரு தோட்டக்காணி உறுதி எழுதினார். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் பூரணம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். கொடிகாமம் சந்தையில் வெற்றிலைக்காரி ஒருத்தி சொன்னாளாம்: நம்முடைய ஊர்க் கிளாக்கர் ஒருவரைப் பினாங்கில் கண்டவர்கள் இருக்கிறார்களாம், ஆள் கொஞ்சம் மெலிவாம். மெய்யர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தீரோ? நான் சொன்னது சரி."

அவள் போன பிறகு, "அண்ணை, உது நீங்கள் சொன்ன கதையெல்லோ சுத்தி வந்திருக்கு," என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் கதையில் அந்தக் கப்பல்காரனுக்கு இடுப்பில் கட்டம் போட்ட சாரமும் நெற்றியில் ஒரு தழும்பும் வந்து சேர்ந்தன.

யப்பான் சண்டை முடிந்து, மலாயாவிலிருந்து திரும்பிய ஒருவர் பூரணத்தின் வீட்டைத் தேடி வந்தார். புருஷனோடு வேலை பார்த்தவர். சயாமில் தண்டவாளம் போட யப்பான்காரர் கொண்டுபோன காட்டில், காய்ச்சலில், தன் கண்முன்னே அவர் இறந்தார் என்று சொன்னார். மூன்று வருடம் ஆகிறதாம்.

பூரணம் வெள்ளைச் சேலையோடு கந்தோருக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணை, மூண்டு வருசம் அந்த மனிசனுக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி இறைக்கேல்லை. பொட்டோடை திரிஞ்சன்."

மெய்யர் எழுந்து நின்றார். வந்தவன் ஆளை மாறிப் பார்த்திருப்பான் என்றார். கப்பல்காரனின் தழும்பைச் சொன்னார், சாரத்தைச் சொன்னார். அவர் வாதாடவில்லை, கெஞ்சினார். பூரணம் என்னைப் பார்த்தாள்.

"அண்ணை அண்டைக்குக் காங்கேசன்துறைக்குப் போகேல்லை," என்றேன்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது. அவள் திரும்பிப் போனாள். கீரிமலையில் புருஷனுக்குக் கிரியை செய்தாள். அதன் பிறகு எங்களுக்குச் சோறு கொண்டுவரவில்லை.

மெய்யர் என்னைக் கோபிக்கவில்லை. என் ஞாபகம் கெட்டுவிட்டது என்று கவலைப்பட்டு, வல்லாரைச் சம்பல் சாப்பிடச் சொன்னார். பிறகு ஒவ்வொரு நாளும் தபாற்கந்தோருக்கு நடந்து, பூரணத்துக்குப் பினாங்கிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டார். அங்கே சிரித்தார்கள், பின்னர் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். இரண்டு வருடத்தில் ஆள் உருகிப் படுக்கையில் விழுந்தார்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்தார். கடிதம் வந்ததா என்று கேட்டார். பூரணத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்ன அதே வாயால் சொன்னேன்.

"ஓம் அண்ணை, வந்தது. சுகமாயிருக்கிறாராம்."

அன்று பின்னேரம் அவர் தானாகவே எழும்பி இருந்து கஞ்சி கேட்டார் என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.