இரவல் சட்டையும் இலவச வக்கீலும்

பிள்ளைகளே, உங்கள் அப்பா ஒரு நாள் அடுத்தவர் சட்டையைத் திருடிப் போட்டுக்கொண்டவன். (திருடி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. காலையில் எடுத்தேன், சாயங்காலம் வைத்துவிடுவதாக இருந்தேன்.) பிறர் பொருளைத் தொடாதே என்று தினமும் உங்கள் உயிரை வாங்குகிற ஆள், இதை முதலில் ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

எழுபதுகளின் கடைசி. எட்டாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மயிலாப்பூரில் ஒரு லாண்டரியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ராயப்பேட்டையில் ஒற்றை அறைக் குடித்தனம். புருஷனோடு ஒத்துவராமல் என் தங்கை, அதாவது உங்கள் கஸ்தூரி அத்தை, என்னிடம் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு துணிப்பை இருந்தது. மூன்று வயது செல்வி இல்லை. குழந்தையை அனுப்ப மாட்டோம் என்று அந்த வீட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். போதாததற்கு, குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை கோர்ட்டில் மனுவும் போட்டுவிட்டார். அவருக்குத் தி. நகரில் கடை. பெரிய வக்கீலாக வைத்தார். எங்களுக்கு வக்கீல் வீட்டு கேட் வரை போகவே வக்கில்லை.

துணிப்பையில் செல்வியின் கவுன் ஒன்று தப்பி வந்திருந்தது. அத்தை அதைத் தினமும் துவைப்பாள். யாரும் போடாத கவுன் எப்படி அழுக்காகும்? ஆனாலும் துவைத்து உலர்த்தி, "இஸ்திரி போட்டுக் குடுண்ணே" என்று நீட்டுவாள். நானும் போட்டுக் கொடுப்பேன்.

அப்போதுதான் ஏழைகளுக்கு அரசாங்கமே செலவு செய்து வக்கீல் கொடுக்கிறது என்று ரேஷன் கடை வரிசையில் கேள்விப்பட்டேன். வீட்டில் சம்பாதிக்கிற ஆளுக்கு வருமானம் குறைவு என்று தாசில்தாரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். நாலு நாள் நடந்து அதையும் வாங்கிவிட்டேன்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. (அது அபூர்வமாக வேலை செய்யும். செய்கிற நாளெல்லாம் ஆபத்து.) அரசாங்க ஆபீசுக்குப் போகிறோம், மதிப்பாகப் போனால்தானே உட்கார் என்பார்கள்? லாண்டரி அலமாரியில் ஒரு வெளிர்நீல டெர்லின் சட்டை பளபளவென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். அந்தச் சட்டைக்கு ஆள் வந்து கேட்டபோது, "இன்னும் இஸ்திரி ஆவல, திங்கக்கிழமை வாம்மா" என்று அனுப்பியவனும் நானே. சட்டைக்குப் பொருத்தமாக ஒரு பேண்ட்டும் அதே அலமாரியில் இருந்தது.

வாசலில் அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது? ஏழைன்னு சொல்லத்தானே போறோம்? நீ மாப்ள கணக்கா கீற!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம வா."

ஆபீசில் ஒரு நீள மேசை. ஒரு முனையில் மனு வாங்கும் குமாஸ்தா. மறுமுனையில் ஒரு வக்கீல் ஏதோ காகிதக் கட்டுக்குள் முகம் புதைத்திருந்தார். குமாஸ்தா சான்றிதழைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் படித்தார்.

"இது யாருக்கு வாங்கினது?"

"எனக்குத்தான் சார்."

"டெர்லின் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு வச்ச பேண்ட்டு. உனக்குக் கவர்ன்மெண்ட்டு வக்கீலா? நான் இருவது வருஷமா உத்தியோகம் பாக்கறேன், எங்கிட்ட இப்படி ஒரு சட்டை இல்லய்யா! போ போ, நெஜமாவே இல்லாதவன் பின்னாடி நிக்கிறான்."

மனு என் பக்கம் திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. உண்மை தெரிந்தால் என் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். மேசை மேல் கிடந்த மனுவை மட்டும் பார்த்தாள். கண் நிறைந்து நின்றது. கையில் அந்தக் கவுன். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சார், இது என் சட்டை இல்ல. நான் லாண்டரில இஸ்திரி போடறவன். கஸ்டமர் சட்டை."

"நல்லா கதை வுடறே!"

"நெஜமா சார்! காலருக்கு உள்ள பாருங்க, சேங்கொட்டை மையில சலவைக் குறி கீது. போட்டதே நான்தான். மூணு புள்ளி, ஒரு கோடு." காலரைத் திருப்பிக்கொண்டு, கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டினேன்.

மறுமுனை வக்கீல் மெதுவாகத் தலையைத் தூக்கினார். எழுந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் மார்புக்கு நேராகக் குனிந்தார்.

"இந்த மூணாவது பட்டன் மட்டும் வேற கலர்..."

"ஆமா சார்."

"இது என் ஆத்துக்காரி தச்சதுன்னா!"

எனக்குப் பூமி பிளந்து வழிவிடவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே சட்டையைக் கழற்றி, கைப்பழக்கத்தில் நாலாக மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

ஆபீஸ் முழுக்க என் பனியனைப் பார்த்தது. (பனியன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். ஓட்டைகள் ஒன்றுக்கொன்று கைகோத்து நின்ற ஒரு ஏற்பாடு அது.)

வக்கீல் பனியனைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், அவள் கையில் இருந்த கவுனைப் பார்த்தார். குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"இதுக்கு மேல என்ன ஓய் சான்றிதழ் வேணும்? தாசில்தாரே நேர்ல வந்து நிக்கற மாதிரின்னா இருக்கு! மனுவ எடும். இந்தக் கேஸ நான் பாக்கறேன்." பிறகு என்னிடம், "போட்டுக்கோப்பா, ரோட்டுல போகணுமோல்லியோ? திங்கக்கிழமை மறக்காம அனுப்பு. ஆமா, பேண்ட் யாரோடது?"

"அத மட்டும் கேக்காதீங்க சார்."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கவுனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். வக்கீல் சார் அதை எடுத்துச் சொல்ல நாலைந்து வாய்தா ஆனது. எங்களிடம் காலணா வாங்கவில்லை. என் முதலாளியிடமும் மூச்சு விடவில்லை. செல்வி வந்த அன்று அந்தக் கவுனைப் போட்டுவிட்டாள் அத்தை. முழங்காலுக்கு மேலே ஏறி நின்றது. அதற்குள் குழந்தை அவ்வளவு வளர்ந்திருந்தது. ஆனால் ஒரு சுருக்கம்கூட இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

அன்றிலிருந்து நம் வீட்டில் நான் புதுச் சட்டை போட்டால் தொலைந்தேன். கல்யாண வீடானாலும் சரி, அத்தை பின்னால் வந்து, "யார்துண்ணே?" என்று காலரைத் திருப்பிப் பார்ப்பாள். நீங்களும் அதைப் பழகிக்கொண்டீர்கள்.

போன தீபாவளிக்குச் செல்வி தன் முதல் சம்பளத்தில் எனக்கொரு சட்டை எடுத்து வந்தாள். வெளிர்நீலம். வழக்கம்போல அத்தை காலரைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே என்னிடம் நீட்டினாள்.

உள்ளே மையால் மூன்று புள்ளி, ஒரு கோடு. அதன் கீழே செல்வியின் கையெழுத்தில்: "இது மாமாவோட சொந்தச் சட்டை."