காருக்கு அடியில் கிடைத்த ஓய்வு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுப் படி ஏறுவதில்லை என்று நம்மவர் சபதம் எடுத்தார். மனதுக்குள்தான். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அவருக்குத் துணிச்சல் போதாது.

அவர் மேல் தப்புச் சொல்லவும் முடியாது. போன் கம்பெனியில் புகார் பிரிவில் வேலை. திங்கள் முதல் சனி வரை யார் யாரோ காதுக்குள் கத்துவார்கள். இவர் மன்னிக்கணும் சார், பார்க்கிறோம் சார் என்று ஜபிப்பார். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்றால், மனைவி அண்ணன் வீட்டுக்குக் கிளம்பி நிற்பாள். அந்த அண்ணன் தங்கமான மனிதர். வாயைத் திறந்தால் மூடத்தான் தெரியாது. வேன் வாங்கிய கதையை ஆரம்பித்தார் என்றால், கதையில் வேன் வீடு வந்து சேர்வதற்குள் நிஜத்தில் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து நம்மவருடைய கார் உறும ஆரம்பித்தது. கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்த்தது. உள்ளே புகை நாற்றம் வேறு. தலைவலி வந்து படுத்த மனைவி, இதைச் சரி பண்ணாமல் இனி இதில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள். நம்மவர் காதில் தேன் பாய்ந்தது. மெக்கானிக் எதற்கு, நானே பார்க்கிறேன் என்று மார்தட்டிவிட்டு, அடுத்த ஞாயிறே முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றி அடியில் புகுந்தார்.

கோளாறை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்து, அந்த இடுக்கு வழியாகப் புகை கசிந்தது. நாலு சுற்று முடுக்கினால் வேலை முடிந்தது. ஸ்பேனரை எடுத்தார். யோசித்தார். கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். என்ன நிழல், என்ன நிம்மதி!

இப்படியே ஞாயிறுகள் ஓடின. வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். மனைவி டீயைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்து, என்ன ஆச்சு என்று கேட்பாள். பெரிய கோளாறு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்கணும் என்று அடியிலிருந்து தூக்கக் கலக்கத்தில் பதில் வரும். அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு உறுத்தும். மறுபடி கண் அசரும் வரைக்கும் உறுத்தும். வார நாட்களில் அவர் பஸ்ஸில் போனார், கார் வாசலில் கிடந்தது.

ஒரு ஞாயிறு வழக்கம்போல் மதியம் எழுந்து, அதாவது வெளியே வந்து, உதட்டைப் பிதுக்கினார். மூன்று இடத்தில் ஓட்டை, இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்றார். மனைவி சாவியை எடுத்து வந்து காரைக் கிளப்பினாள்.

உறுமலைக் காணோம். கிளம்பியதா இல்லையா என்று நம்மவர் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"புதன்கிழமை நீங்க ஆபீஸ் போனதும் பாத்தேன்," என்றாள் மனைவி. "கேஸ் ட்யூப்புக்குத் தடவுற மாதிரி சோப்புத் தண்ணியைத் தடவிட்டு வண்டியைக் கிளப்பினேன். ஒரே இடத்துலதான் குமிழ் வந்துச்சு. அணைச்சிட்டு முடுக்கிட்டேன்."

"அப்போ உனக்கு..."

"முதல் வாரமே தெரியும். வண்டி ஆஃப்ல இருக்கும்போதும் அடியிலேர்ந்து உறுமல் வந்துச்சே."

நம்மவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அசதியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அண்ணன்கிட்ட சொல்லியிருப்பேனே என்று அவள் மெதுவாகக் கேட்டதுதான் சுருக்கென்றது. இனி உன்னிடம் பொய்யே சொல்ல மாட்டேன் என்று அவர் மனதார வாயெடுத்தபோது தெருமுனையில் இடி இடித்தது.

வந்தது மச்சானின் வேன். அதற்கும் அதே வியாதி. மனைவி காலையிலேயே போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். மச்சான் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த காரைச் சுற்றி வந்து அசந்துபோனார்.

"மாப்ள, நீங்களா சரி பண்ணீங்க?"

"அவரேதான் அண்ணா," என்று மனைவி முந்திக்கொண்டாள். "எத்தனை ஞாயிறு அடியிலேயே கிடந்தார், தெரியுமா? இந்தத் தெருவையே கேட்டுப் பாருங்க."

நான் இல்லை என்று மறுத்தால், பிறகு அடியில் கிடந்தது எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். நம்மவர் ஆமாம் என்றார்.

வேனையும் பலகையில் ஏற்றினார்கள். நாலே சுற்றில் முடித்துவிட்டு மச்சானை அனுப்பிவிடலாம் என்று நம்மவர் அவசரமாக அடியில் புகுந்து பைப்பைத் தொட்டார். தொட்ட வேகத்தில் விரலை வாயில் வைத்துக்கொண்டார். இவ்வளவு தூரம் ஓடிவந்த வண்டி, பைப் கொதித்தது.

பக்கத்தில் சரசரவென்று சத்தம் கேட்டது. மச்சான் டார்ச்சோடு ஊர்ந்து வந்து தோளோடு தோள் உரசப் படுத்தார்.

"சூடு ஆறட்டும் மாப்ள, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார். "இந்த வேனை நான் எப்படி வாங்கினேன்னு சொல்லியிருக்கேனா?"

உள்ளே மனைவி ஃபேனைப் போட்டுக்கொண்டு படுக்கும் சத்தம் நம்மவருக்குத் தெளிவாகக் கேட்டது.