இரும்புக் குண்டோடு கேட்ட மன்னிப்பு

குராஷிகி,
மார்ச் கடைசி வாரம்

அன்பு மகள் ஹருமிக்கு,

பிளம் பூக்கள் உதிர்ந்து, செர்ரி மொட்டுகள் மலரத் தயங்கும் இவ்வேளையில், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தகுமாவும் நலமென நம்புகிறேன். நானும் நலம். இம்முறை ஓரளவு ஆதாரத்துடனேயே சொல்கிறேன்.

"ஜிம்முல சேர்ந்து, தூக்குற விதம் சரின்னு அங்க மெஷின் பச்சை காட்டுற வரைக்கும் புள்ளையத் தூக்கக் கூடாதுப்பா. அரிசி மூட்டையத் தூக்கிட்டு இடுப்பு பிடிச்சு எப்படிப் படுத்தீங்கன்னு மறந்துடுச்சா?" என்று நீ கேட்டது நியாயம். அதனால்தான் முதியோர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டில் தீப்பெட்டி அளவு சென்சார் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். நாம் தூக்கும் விதத்தைக் கவனித்து, எதிரே திரையில் சிவப்போ பச்சையோ காட்டும், வாய்விட்டும் சொல்லும். கையேட்டை இரண்டு முறை படித்த பிறகே தொட்டேன், ஆனாலும் சிவப்புதான். "முதுகு வளையுது, இடுப்புல மடங்குங்க" என்றது. பக்கத்தில் பயிற்சி செய்யும் சோனோபே அம்மாள், "என்ன சார், உங்க திரை மட்டும் தீப்பிடிச்ச மாதிரியே இருக்கு?" என்றார். எனக்கு என்மீதே நம்பிக்கை போயிற்று. மறுபடி அது குறை சொன்னதும், ரயில் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்த பழக்கத்தில், குண்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல், திரையைப் பார்த்துக் குனிந்து வருத்தம் தெரிவித்துவிட்டேன். பச்சை விழுந்தது. பயிற்சியாளர் குரோசு ஓடி வந்தாள்.

"சார், இப்ப என்ன பண்ணீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன்மா."

"இன்னொரு தடவ கேளுங்க."

தாமதமான ரயிலுக்குக் கேட்பதுபோல் கேட்டேன், பச்சை. ரத்தான ரயிலுக்குக் கேட்பதுபோல் இன்னும் தாழ்ந்து கேட்டேன். "மிகச் சிறப்பு" என்றது. முதுகு நேராக, இடுப்பில் மட்டும் மடங்குவது வேலைக்குச் சேர்ந்த வாரமே நாங்கள் கற்றுக்கொண்டது அல்லவா. இப்போது குரோசு என்னை முன்னால் நிறுத்தி, "எல்லாரும் சார் மாதிரி மன்னிப்புக் கேளுங்க" என்கிறாள். கூடமே குண்டும் கையுமாக வருத்தம் தெரிவிக்கிறது. எதற்கென்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வா. குழந்தையைத் தயங்காமல் என் கையில் கொடு. எதையும் சந்தேகப்படுவது என் சுபாவம், இதில் சந்தேகமில்லை.

சம்பந்தி வீட்டாருக்கு என் பணிவான வணக்கம். தகுமா நன்றாகக் கொழுக்கட்டும். எனக்குத் தெம்பு இருக்கிறது.

உன் அப்பா,
யோகோமிசோ தெய்ஜி

பின்குறிப்பு: இதை எழுதுவது சோனோபே. உங்கள் அப்பாவைப் பாராட்ட மோச்சி அரிசிப் பலகாரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் குனிந்து வணங்கினேன். அவர் என்னைவிடத் தாழ்ந்து வணங்கினார். நான் விடுவேனா, இன்னும் தாழ்ந்தேன். அவரும் விடவில்லை, குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார், இடுப்புப் பிடிப்புதான், பயமில்லை. ஞாயிறு கட்டாயம் வரச் சொல்கிறார். தூக்க மாட்டாராம். குழந்தையைப் பாயில் தன் பக்கத்தில் கிடத்தினால் போதுமாம்.