பஸ் கேக்கப் போன இடத்திலை விட்டிட்டு வந்த இறால்

எல்லாரும் தங்கடை பாவத்தைப் பங்குச் சுவாமியிட்டைக் காதோடை காதாச் சொல்லி மன்னிப்பு வாங்குவினம். நான் என்ரை பெரிய பாவத்தைக் கோயில் வாசலிலை, முழு ஊரும் கூடி நிக்க, உரத்துச் சொன்னனான். ஒரு பெரிய கந்தோரை, அதுதான் பஸ் ஒப்பீசை, நாலு நாள் நாறடிச்ச பாவம். அப்ப வெக்கத்திலை செத்தனான். இப்ப, உண்மையைச் சொன்னால், அதிலை எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சமில்லை, நல்ல பெருமை.

(எழுதிறவள் என்ரை பேத்தி. சிரிச்சுச் சிரிச்சு எழுதிறாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, இவள் என்னத்தை எழுதினாலும் நான் அறியப்போறேல்லை. அந்தோனியார் அறிவார். கவனம், பிள்ளை.)

எங்கடை கொழும்புத்துறைக் கரைக்கு அந்த நாளிலை விடிய ஆறு மணிக்கு ஒரு பஸ் வரும். அந்த ஒரு பஸ்ஸிலைதான் முழுச் சனமும். முன்னுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள், நடுவிலை ஆசுப்பத்திரிக்குப் போற பிள்ளைத்தாச்சியள், கிழடு கட்டையள். பின்னுக்கு நாங்கள், மீன் விக்கிற பொம்பிளையள், ஓலைக் கடகமும் கையுமா. நான் ரவுணிலை இறங்கி மற்ற பஸ் பிடிச்சுச் சண்டிலிப்பாய்க்குப் போறனான். அங்கை தோட்டக்காரச் சைவச் சனம். வெள்ளிக்கிழமை, கந்தசட்டி, அமாவாசை எண்டு அவை மீன் தொடாத நாளெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. எங்கடை மாதா திருநாள் எண்டைக்கு எண்டு என்ரை மனுசனைக் கேட்டால் முழிப்பார். சண்டிலிப்பாய்ச் சனத்தின்ரை விரதத்தை என்னைக் கேளுங்கோ, நித்திரையிலையும் சொல்லுவன். இதை ஏன் சொல்லுறனெண்டு பேந்து விளங்கும்.

ஒருநாள் பஸ் வரேல்லை. அடுத்த நாளும் இல்லை. சந்திக்கு நடந்து போய்ப் பாத்தால், பஸ் அங்கை நிண்டு திரும்புது. கொண்டக்டர் சொன்னான்: "இனிக் கரைக்கு வராது, அம்மா. மீன் வெடுக்காம். என்ன கழுவினாலும் போகுதில்லையாம். ரவுண்ச் சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைப்பாடு குடுத்திட்டுது."

சந்திக்கு முக்கால் மணித்தியால நடை. எனக்கென்ன, நான் கடகத்தோடை எங்கையும் நடப்பன். ஆனால் என்ரை மூத்தவள் றீற்றா (இவளின்ரை தாய்) அப்ப பெரிய சோதினைக்கு ரவுணிலை படிக்கிறாள். கோட்டையிலை ஆமி, மேலை ஹெலி, ரோட்டிலை என்ன நேரம் என்ன நடக்குமெண்டு தெரியாத காலம். என்ரை மனுசன் ஒரே சொல்லிலை முடிச்சுப்போட்டார்: "பொம்பிளைப்பிள்ளையைத் தனிய நடக்க விடேலாது. பஸ் வந்தால் படிக்கட்டும். வராட்டில் நிக்கட்டும்."

றீற்றா அழேல்லை. புத்தகங்களை அடுக்கி, ஒரு வலைத் துண்டாலை சுத்திக் கட்டிப் பரணிலை வைச்சாள். அழுதிருந்தால் நான் ஏசிப்போட்டு இருந்திருப்பன். அந்தக் கட்டைத்தான் என்னாலை பாத்துக்கொண்டிருக்கேலாமல் போச்சு. ஊர்ச்சனம் வேறை எங்களை ஒரு மாதிரிப் பாக்குது. "உங்கடை மீனாலைதானே" எண்டு ஒருத்தரும் வாய் திறந்து சொல்லேல்லை. கண்ணாலை சொல்லிச்சினம்.

சூசை மாஸ்ரர் எண்டு ஒரு பென்சன் வாத்தியார் எங்கடை ஊரிலை இருந்தவர். வேட்டியிலை ஒரு சுருக்கு இருக்காது, கதையிலை ஒரு பிழை இருக்காது. அவர் கோயில் மண்டபத்திலை எல்லாரையும் கூட்டிப் "பஸ் கமிற்றி" எண்டு ஒண்டைத் துடங்கினார். பஸ் கந்தோர்ப் பெரிய ஐயாவுக்கு ஒரு மனு, அதுக்கு ஊர் முழுக்கக் கையெழுத்து. வீடு வீடாப் போறது ஆர்? நான்தான். ஊரிலை எனக்குத் தெரியாத குசினி வாசல் இல்லைக் கண்டியளோ.

"இண்டைக்கு என்ன மீன், திரேசம்மா?"

"மீனில்லை அக்கா. கையெழுத்து."

"அப்ப நாளைக்கு வா."

இப்பிடி எத்தினை வீட்டுப் படலை! ஆனால் விடேல்லை. ஒரு வீடு மிச்சமில்லாமல் வாங்கினன். கடைசியா என்ரை கைநாட்டு. அண்டைக்கு மீன் வெட்டிப்போட்டு வந்த கை, பெருவிரலோடை ஒரு செதிலும் கடுதாசியிலை ஒட்டிப்போட்டுது. மாஸ்ரர் நகத்தாலை சுரண்டினார். கடுதாசி கிழியப் பாத்துது. பெருமூச்சு விட்டிட்டு மடிச்சு வைச்சார்.

மனுக் குடுக்க மாஸ்ரரோடை நாலு பொம்பிளையள் போறதெண்டு முடிவு. என்னோடை மீன் விக்கிற ஞானம்மாக்கா, நான், இன்னும் ரண்டு பேர். மாஸ்ரர் ஓடர் போட்டார்: "எல்லாரும் தலைமுழுகி, பவுடர் பூசி, பூசைக்குப் போற சீலை உடுத்து வரவேணும். ஒருத்தரின்ரை கையிலையும் மீன் வாசம் இருக்கப்படாது. விளங்குதோ? முக்கியமா உனக்கு, திரேசம்மா."

விளங்கிச்சுது. ஆனால் யோசிச்சுப் பாருங்கோ. எங்கடை கரையிலை பிறந்த பிள்ளையைப் பாக்கப் போனாலும், சுகமில்லாதவையைப் பாக்கப் போனாலும், வெறுங்கையோடை போறேல்லை. ஒரு ஊருக்குப் பஸ் கேக்கப் போறம், கையை வீசிக்கொண்டு போறதோ? அது லஞ்சமில்லைப் பாருங்கோ, மரியாதை. அண்டைக்கு விடிய என்ரை மனுசன் கொண்டு வந்த இறால், ஒவ்வொண்டும் என்ரை நடுவிரல் நீளம். நல்லதாத் தெரிஞ்செடுத்து ஒரு உமலிலை போட்டன். உமல் எண்டால் நாங்கள் மீன் கொண்டு போற பனையோலைப் பை. என்ரை உமல், கடகம் எல்லாத்திலையும் ஒரு அந்தோனியார் மெடல் தைச்சிருப்பன். துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அவரெல்லே. அந்த உமலை ஒரு துணிப்பைக்குள்ளை வைச்சுச் சீலைத் தலைப்பாலை மூடிக்கொண்டு வெளிக்கிட்டன். பவுடர் மற்ற நாளைவிட ரண்டு மடங்கு.

கந்தோருக்குள்ளை போனம். பெரிய ஐயா கதிரையிலை இருக்கிறார். நெத்தியிலை மூண்டு குறி விபூதி, காதிலை பூ, பின்னாலை சுவரிலை பிள்ளையார், மேசையிலை பித்தளைச் செம்பு. வெள்ளிக்கிழமைச் சைவமில்லை, பிறந்ததிலை இருந்து சைவம். பாத்த உடனை தெரிஞ்சுபோச்சு.  சண்டிலிப்பாய் முழுக்க ஆர் எண்டைக்கு மீன் தின்னாயினம் எண்டு சொல்லத் தெரிஞ்சவள், இந்த ஒரு மனுசன் மீன் தின்னுறவரோ எண்டு ஒருத்தரையும் கேக்காமல் வந்திட்டன்.

உமலை மெல்ல நிலத்திலை வைச்சு, பக்கத்திலை இருந்த இரும்பு அலுமாரிக்குப் பின்னாலை காலாலை தள்ளினன். போகேக்கை எடுப்பம் எண்டுதான்.

மாஸ்ரர் துடங்கினார்: "ஐயா, எங்கடை பொம்பிளையள் சுத்தபத்தமானவை. நீங்களே பாருங்கோ. இவையிட்டை மீன் மணக்குதெண்டு சொன்னது அபாண்டம்."

ஐயா மூக்கை ஒருக்கா உறிஞ்சினார். "மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. ஏதோ மணக்குது."

"அது மனப்பிரமை, ஐயா. மீன்காரியைக் கண்டால் மணக்குமெண்டு சனம் நினைக்குது. அதுதான் எங்கடை துக்கம்."

ஐயாவுக்கு முகம் ஒரு மாதிரிப் போட்டுது. பாவம், நல்ல மனுசன். "மன்னிக்கவேணும்" எண்டு சொல்லி மனுவை விரிச்சு வாசிக்கத் துடங்கினார். நான் செதில் ஒட்டின இடத்தை அவரின்ரை விரல் தொடப்படாதெண்டு மாதாவை மண்டாடிக்கொண்டு நிண்டன். அந்த நேரம் பாத்துக் கோட்டைப் பக்கம் படீரெண்டு ஒரு சத்தம். பின்னாலை இன்னொண்டு. "ஷெல் அடிக்கிறாங்கள்! ஓடுங்கோ!" பியோன் கத்தினான். ஐயா ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பூசைச் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடின ஓட்டம்! மாஸ்ரரின்ரை வேட்டியிலை அண்டைக்குத்தான் சுருக்குக் கண்டனான்.

பாதி வழியிலை எனக்கு நினைவு வந்துது. "ஐயோ!" எண்டு நடு ரோட்டிலை நிண்டிட்டன்.

"என்ன, திரேசம்மா, காயமோ?" மாஸ்ரர் பதறிப்போனார்.

"இல்லை மாஸ்ரர். ஒண்டுமில்லை."

ஊரடங்கு நாலு நாள் கிடந்துது. வெய்யில் வேறை அந்த மாதிரி. நான் சமைக்கேல்லை, ஒழுங்காத் தின்னேல்லை. அந்த அலுமாரிக்குப் பின்னாலை இறால் இப்ப என்ன நிலைமையிலை இருக்குமெண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? முதல் நாள் கறுக்கும். ரண்டாம் நாள் தண்ணி ஊத்தும். மூண்டாம் நாளைப் பற்றி யோசிக்கவே பயம். முழங்காலிலை நிண்டு செபிச்சன்: "அந்தோனியாரே, எல்லாரும் துலைச்சதை நீர் கண்டுபிடிச்சுக் குடுக்கிறனீர். என்ரை இந்த ஒரு சாமானை மட்டும் ஒருத்தரும் கண்டுபிடியாமல் பாத்துக்கொள்ளும்."

அவர் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு சனம் வெளியிலை வருது. வாசலிலை கந்தோர்ப் பியோன் சைக்கிளோடை நிக்கிறான். சைக்கிளிலை ஒரு நீளத் தடி கட்டி, தடி நுனியிலை என்ரை உமல் தொங்குது. சனம் தானாகவே விலகி அவனுக்கு இடம் விட்டுது.

"நேற்றுக் கந்தோர் திறந்தனாங்கள்" எண்டான். "வாசலிலையே ஐயாவுக்குத் தலை சுத்திப்போச்சு. ஷெல் விழுந்து ஆரோ கூரையிலை செத்துக் கிடக்கினம் எண்டு நினைச்சு, கூரை ஓடு முழுக்கப் பிரிச்சனாங்கள். மந்திரம் சொல்ல ஒரு ஐயரையும் கூப்பிட்டம். கடைசியிலை அலுமாரியை இழுத்துப் பாத்தால் இது! உள்ளுக்கை இருந்ததைக் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டம். உதிலை தைச்சிருந்த அந்தோனியார் மெடலைக் கண்டுதான் வேதக்காரரின்ரை பை எண்டு தெரிஞ்சுது. ஐயா மெடலைக் கழுவிப் பிள்ளையாருக்குக் கிட்ட வைச்சிருக்கிறார். ஆரின்ரை சாமியெண்டாலும் எறியக்கூடாதாம். ஆனால் இது வேணுமெண்டு செய்த வேலையாம். ஆரெண்டு சொல்லாட்டில் மனு குப்பைக்கை, பஸ்ஸை மறவுங்கோவாம்."

மாஸ்ரருக்குக் கோபம் பத்திக்கொண்டு வந்துது. "எங்கடை ஆக்கள் ஒருக்காலும் உப்பிடிச் செய்யாயினம்! இந்தக் கோயில் வாசலிலை நிண்டு நான் சத்தியம் பண்ணுறன்" எண்டு கையைத் தூக்கினார்.

றீற்றா எனக்குப் பக்கத்திலை நிக்கிறாள். வாயை மூடிக்கொண்டு நிண்டால் மானம் தப்பும், ஆனால் பஸ் போகும். மாஸ்ரரும் என்னாலை பொய்ச் சத்தியம் பண்ணுவார்.

"மாஸ்ரர், கையை இறக்குங்கோ" எண்டன். "அது என்ரை."

 மாஸ்ரர் அப்பிடியே படியிலை குந்திட்டார். என்ரை மனுசன் மெதுவா என்னைக் கேட்டார்: "அந்தப் பெரிய இறாலோ?" எண்டு. (அவருக்கு அதுதான் கவலை. வீட்டுக்குச் சின்னதைத்தானே சமைச்சனான்.)

ஞானம்மாக்காதான் முன்னுக்கு வந்தா. "சரியடி. வெடுக்கை ஆக்கினவள் நீ. எடுக்கிறது எல்லாரும். நாளைக்கு வெள்ளன வெளிக்கிடு."

திங்கக்கிழமை மீன் விக்கிற பொம்பிளையள் அவ்வளவு பேரும், மாஸ்ரரும் அந்தக் கந்தோருக்குப் போனம். பழப்புளி, தேசிக்காய், அடுப்புச் சாம்பல், மஞ்சள், தும்புக்கட்டை. வெடுக்கு எடுக்கிறது எங்கடை பிறவித் தொழில். நிலம், சுவர், அலுமாரியின்ரை கால், பூட்டுத் துவாரம் ஒண்டும் விடேல்லை. முடிவிலை சாம்பிராணியும் போட்டம். ஐயா தயங்கித் தயங்கி உள்ளுக்கு வந்தார். கதிரையிலை இருந்தார். ஒருக்கா உறிஞ்சினார். பேந்து நல்லா நெஞ்சு நிறைய உறிஞ்சினார்.

"அம்மா, நான் இஞ்சை வந்த நாளிலை இருந்து இந்த அறை இவ்வளவு நல்லா மணந்ததில்லை."

இதுதான் நேரமெண்டு எனக்குப் பட்டுது. மாஸ்ரர் கண்ணைக் காட்டினார், கதையாதை எண்டு. நான் கதைச்சன்.

"ஐயா, நாலு நாள் அழுகின இறால் வெடுக்கையே ஒரு காலமைக்குள்ளை எடுத்துப்போட்டம். உங்கடை பஸ் எந்த மூலைக்கு? கரைக்கு விடுங்கோ. பின்னுக்கு ஒரு தகரத்தட்டு அடிச்சுத் தாங்கோ, கடகம் எல்லாம் அதிலை. மத்தியானம் பஸ் திரும்பி வரேக்கை நாங்களே முறை வைச்சுக் கழுவித் தாறம். ஒரு நாள் மணந்தால் அடுத்த நாள் நிப்பாட்டுங்கோ. என்ரை பிள்ளைக்குச் சோதினை வருது, ஐயா."

ஐயா சிரிக்கப்படாதெண்டு பாத்தார். ஏலேல்லை. மேசையிலை தலையைக் கவிட்டு வைச்சுச் சிரிச்சார். பேந்து மெடலைக் கொண்டு வந்து என்ரை கையிலை தந்தார். "உங்கடை அந்தோனியாரைக் கொண்டு போங்கோ, அம்மா. ஆளைப் பிடிச்சுத் தந்தவர் அவர்தான்."

அடுத்த கிழமை ஆறு மணி பஸ் கரைக்கு வந்துது. ரைவர் ஒரு சைவப் பொடியன், தன்ரை பிள்ளையார் படத்துக்குப் பக்கத்திலை அந்த மெடலையும் என்னட்டை வாங்கித் தொங்கவிட்டான். றீற்றா பரணிலை இருந்து கட்டை இறக்கி, வலையை அவிட்டாள். அந்த பஸ்ஸிலைதான் போய்ச் சோதினை எழுதினவள். பேந்து படிப்பிக்கப் போனதும் அதிலைதான். நாங்கள் சொன்ன மாதிரி ஒரு நாள் பிந்தாமல் கழுவினம். சண்டையாலை பஸ் எத்தினையோ தரம் நிண்டது. ஆனால் ஓடத் துடங்கின ஒவ்வொரு முறையும் சந்தியோடை திரும்பாமல் கரை மட்டும் வந்தது. கைநாட்டுக்காரி ஒருத்தி கேட்டு வாங்கின பஸ்.

வீட்டிலை மட்டும் எனக்கு மன்னிப்பில்லை. நான் எங்கை போக வெளிக்கிட்டாலும் ஒருத்தர் கேக்காமல் விடாயினம்: "அம்மம்மா, அங்கை அலுமாரி இருக்கோ?" போன மாதம் இவளுக்குச் சம்பந்தம் பேசப் போகேக்கை றீற்றா படலையிலை வைச்சு என்ரை பையைத் துழாவினாள். உள்ளுக்கை இறால். "அம்மா!" எண்டு கத்தினாள். "அவை சைவமோ எண்டு கேட்டனீங்களோ?"

கேட்டனான். மாப்பிள்ளை என்ன படிச்சவர் எண்டு கேக்க முந்தி அதைத்தான் கேட்டனான். அவை மீன் தின்னுற ஆக்கள்தான். எண்டாலும் உமலை நான் கீழை வைக்கேல்லை. மாப்பிள்ளையின்ரை தாய் வந்து தன்ரை ரண்டு கையாலையும் வாங்குமட்டும் மடியிலையே வைச்சிருந்தன்.

(பேத்தி இதை எழுத மாட்டனாம். எழுதடி. சம்பந்தம் சரிவந்ததே அந்த இறாலாலைதான்.)