செருப்புக்கடைக்காக நான் தூங்கிய வாரம்

இனி இந்த வீட்டில் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொடுவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். வாய்விட்டு எடுக்கிற தைரியம் இருந்தால் சபதமே தேவைப்பட்டிருக்காதே!

ஹால் நடுவில் ஏணி நின்றது. அதன் காலடியில் பெயிண்ட் டப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து என்னையே முறைத்தன. என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அங்கே யாருக்கு எப்போது டியூட்டி, யாருக்கு எப்போது ஓய்வு என்று முடிவு செய்கிறவள் அவள்தான். அந்தப் பழக்கத்தில் எனக்கும் டியூட்டி போட்டுவிட்டாள். சுவரின் கீழ்ப்பாதி அவளுக்கு. மேல்பாதியும், கழுத்தை ஒடிக்கிற சீலிங்கும் எனக்கு.

நான் வீட்டிலிருந்தபடி மென்பொருள் எழுதுகிறவன். அப்போது ஒரு செருப்புக்கடைக்கு பில் போடுகிற மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எங்கள் கம்பெனி முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதை வைத்துத்தான் அவர் கடைக்காரரிடம் காசு வாங்குவார். அதற்காக என் கம்ப்யூட்டரில் ஒரு கருவி உண்டு. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. ‘ஸ்டார்ட்’ என்று தட்டி, வேலையின் பெயரைத் தட்டினால் கடிகாரம் ஓடும். ‘ஸ்டாப்’ என்றால் நிற்கும். ‘ரிப்போர்ட்’ என்றால் மொத்தக் கணக்கையும் கக்கிவிடும். நாற்காலியில் ஆள் இருக்கிறானா என்பது மட்டும் அதற்குத் தெரியாது. எனக்கு அதன்மேல் அன்பு பிறந்ததே அதனால்தான்.

“என்னங்க, இந்த ஏணியை நகர்த்தணும், கொஞ்சம் பிடிங்க.”

“ஐயோ, கடிகாரம் ஓடுதே!”

“எங்க ஓடுது? அது சுவத்துலதானே தொங்குது?”

“அது இல்லம்மா, இது. செருப்புக்கடைக்காரர் காசு குடுக்கிற நேரம். இப்ப எழுந்து வந்தா அந்த மனுஷனுக்குத் துரோகம்.”

“நிறுத்திட்டு வாங்க.”

“ஓடுற பஸ்ஸுலேர்ந்து குதிக்கச் சொல்ற மாதிரி இருக்கு நீ பேசுறது!”

அவள் பதில் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கத்தினால் ஒன்றும் ஆகாது, பேசாமல் இருந்தால்தான் ஆபத்து என்பது கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள்.

“இதை எப்படிங்க ஓட்டுறீங்க? பார்க்கவே பயமா இருக்கே.”

பயமாக இருக்கிறதாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டார்ட், ஸ்டாப், ரிப்போர்ட் மூன்றையும் தட்டித் தட்டிக் காட்டினேன். போதாதென்று, ரிப்போர்ட்டை முதலாளிக்கு எப்படி அனுப்புவது என்பதையும் சொல்லிக்கொடுத்தேன்.

“அடேங்கப்பா! உங்களுக்கு எவ்வளவு மூளைங்க!”

அதற்குப் பிறகு நான் கடிகாரத்தை நிறுத்தவே இல்லை. சாப்பிட்டேன், ஓடியது. குளித்தேன், ஓடியது. மதியம் ஒரு தூக்கம், ராத்திரி ஒரு தூக்கம், எல்லாம் செருப்புக்கடை கணக்கில். கனவில் ஒரு ஜோடி செருப்புகூட வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கணக்கு சனிக்கிழமை சாயங்காலம்தான் முதலாளிக்குப் போகும். அதற்குள் உட்கார்ந்து வெட்டவேண்டியதை வெட்டி ஒழுங்காக்கிவிடலாம் என்பது என் திட்டம். பார்க்கும்போதெல்லாம் அவள், “பாவம், ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும்” என்பாள். கீழ்ப்பாதியைத் தனியாகவே பூசி முடித்தாள்.

சனிக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து கண் விழித்தேன். என் கம்ப்யூட்டர் முன்னால் அவள். காதில் போன். குரலில் அழுகை.

“ஆமா சார். திங்கக்கிழமை ஓட ஆரம்பிச்ச கடிகாரம், இன்னும் நிக்கல. ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன், நீங்களே பாருங்க. எங்க ஆஸ்பத்திரில ஒரு நர்ஸு இப்படி வேலை பார்த்தா, அடுத்த பெட்டுல அவங்களையே படுக்க வெச்சுடுவோம் சார். இதோ, குடுக்கிறேன்.”

போனை வாங்கினேன். மறுமுனையில் முதலாளி பதறினார்.

“ஏன்ப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாரம் பூரா தூங்கவே இல்லையா நீ?”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்த்து, பதிலுக்காகக் காத்திருந்தாள். தூங்கினேன் என்றால், குறட்டைக்குச் செருப்புக்கடையில் காசு கேட்டவன் என்று வேலை போய்விடும்.

“தூ... தூங்கல சார்.”

கொட்டாவி வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“கடவுளே! ரெண்டு வாரம் சம்பளத்தோட லீவு. செருப்புக்கடை வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துட்டேன். உன் லாகினையும் மூடியாச்சு. கம்ப்யூட்டர் பக்கமே போகக் கூடாது. உக்காந்தே இருந்த உடம்பு, கையை மேல தூக்கி இறக்குற மாதிரி ஏதாவது செய்யணும்னு சிஸ்டர் சொல்றாங்க. அவங்க சொல்றபடி கேளுப்பா.”

போனை வைத்தேன்.

“இது அநியாயம்!”

“எதுங்க அநியாயம்? சாரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லட்டுமா?”

“வேணாம்.”

“அப்ப ஏறுங்க.”

ஏறினேன். சீலிங்கில் பூசியதில் பாதி என் மேல்தான் விழுந்தது. கழுத்து மேல்நோக்கியே நின்றுவிட்டது. சாப்பிடும்போது தட்டைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். இந்தக் கொடுமைக்கு எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. இருந்தாலும் ஒருவழியாக ரெண்டு வாரமும் தீர்ந்தது. நேற்று ஹாலின் கடைசி மூலையைப் பூசிக்கொண்டிருந்தேன். நாளைக்கு நாற்காலி, என் சொந்த நாற்காலி என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது.

போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். முதலாளியின் குரல் ஏணி உச்சி வரைக்கும் கேட்டது.

“எப்படிம்மா இருக்கான்? நாளைக்கு வந்துடுவானா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இன்னும் பூசாத படுக்கையறைச் சுவரைப் பார்த்தாள்.

“பரவாயில்ல சார், நல்லா தேறிட்டு வர்றாரு. ஆனா இப்பவே உக்கார வெச்சா உடம்பு தாங்காது. இன்னும் ஒரு வாரம் போகட்டும்.”

நான் இறங்கி, ஏணியைப் படுக்கையறைக்கு நகர்த்தினேன்.